குன்றைக் கொடுத்த குடும்பம்



நம் தோட்டங்களில் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் காலமாகி, காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு, பிள்ளைகள் கூடிப் பேசுகிற பேச்சு ஒன்று உண்டு. "அப்பா பேரிலே ஏதாவது செய்யணும்" என்பதுதான் அது. கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுக்கலாம் என்பார் ஒருவர். பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி போடலாம் என்பார் இன்னொருவர். பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் ஒரு கொட்டகை போடலாம் என்பார் மூன்றாமவர். ஏதோ ஒன்று முடிவாகும். அதன்மேல் இன்னார் நினைவாகக் குடும்பத்தார் உபயம் என்று எழுதி வைப்பார்கள்.

இந்த வழக்கம் நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்தபோது கூடவே கொண்டு வந்தது. தமிழ்நாட்டுப் பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கி என்று ஒன்றைப் பார்க்கலாம். இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு நீண்ட கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர், இன்னொருவர் கைகொடுக்காமலே சுமையை அந்தக் கல்லின் மேல் இறக்கி வைக்கலாம். இளைப்பாறிவிட்டு மறுபடியும் தலையில் ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இந்தக் கல்லை நடும் வழக்கம் இருந்தது. அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை, வழிப்போக்கர்களாவது இறக்கி வைக்கட்டும் என்பது அதன் கருத்து.

இறந்தவரின் பெயரால் இருப்பவருக்கு ஒரு நன்மை. நம்மவர் கண்ட நினைவுச் சின்னம் இதுதான். குளம் வெட்டியதும், கிணறு தோண்டியதும், சாலையோரத்தில் நிழல் மரம் வைத்ததும் இந்தக் கருத்தில்தான்.

மரம் அடர்ந்த ஒரு குன்றின் உச்சியையே தன் மகனின் நினைவாக ஊருக்குக் கொடுத்துவிட்ட ஒரு குடும்பத்தைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன். அது நடந்த இடம் இங்கிலாந்து. ஆனாலும், பண்டார் தெங்காரா வட்டாரத்தில் செம்பனை மரங்களுக்கு நடுவே வாழ்கிற நமக்கும் அதில் பாடம் இருக்கிறது. அந்தப் பாடம் இரண்டு கேள்விகளைப் பற்றியது. ஒரு நினைவுச் சின்னம் நிலைத்து நிற்க என்னென்ன வேண்டும்? கையில் நிலமில்லாதவர்கள் அப்படி ஒன்றைச் செய்ய முடியுமா?

முதலில் அந்தக் குன்றைப் பார்ப்போம்.

இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரி மாவட்டம் என்று ஒரு மலைநாடு இருக்கிறது. அங்கே பாரோடேல் என்பது ஒரு பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் மலைகள் நெருங்கி வந்து பள்ளத்தாக்கு குறுகிப் போகும் இடத்தில், டெர்வென்ட் ஆற்றை ஒட்டி எழுந்து நிற்கிறது கேசில் கிராக் என்னும் குன்று. அதன் உயரம் 951 அடி, அதாவது 290 மீட்டர். சுற்றியுள்ள மலைகளோடு பார்த்தால் அது ஒரு சிறு பிள்ளை. ஆனால் சரிவெல்லாம் மரங்கள் மூடியிருக்கும். பழங்காலத்தில் அதன் உச்சியில் ஒரு கோட்டை இருந்தது. கோட்டைப் பாறை என்று பொருள்படும் பெயர் அதனால் வந்தது. கூரைக்குப் போடும் சிலேட்டுக் கல்லை வெட்டி எடுத்த குழிகளும் அந்தக் குன்றிலே இருக்கின்றன. குன்று என்றால் கல். கல் என்றால் காசு. அப்படித்தான் உலகம் முழுவதும் குன்றுகள் கரைந்துகொண்டிருந்தன.

1914 முதல் 1918 வரை முதல் உலகப் போர் நடந்தது. 1918 மார்ச் மாதம் பிரான்சுப் போர்முனையில் ஜெர்மன் படைகள் பெருந்தாக்குதல் ஒன்றைத் தொடங்கின. அந்த நாட்களில் மாண்டவர்களில் ஜான் ஹேமர் என்ற இளம் இராணுவ அதிகாரியும் ஒருவர். அவருடைய தந்தையார் வில்லியம் ஹேமர், பின்னாளில் சர் பட்டம் பெற்றவர். போர்க்களத்தில் விழுந்த ஒரு மகனுக்குப் பெற்றோர் என்ன செய்ய முடியும்? சிலை வைக்கலாம், தேவாலயத்தில் கல்வெட்டுப் பதிக்கலாம். ஹேமர் குடும்பத்தார் கேசில் கிராக் குன்றின் உச்சியை விலைக்கு வாங்கினார்கள். 1920-ஆம் ஆண்டு அதைப் பொதுமக்களுக்கென்று கொடுத்துவிட்டார்கள்.

குன்றின் உச்சியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதிலே அந்த மகனின் பெயர் மட்டும் இல்லை. பாரோடேல் பள்ளத்தாக்கிலிருந்து அதே போருக்குப் போய்த் திரும்பி வராத மற்ற ஆண்களின் பெயர்களும் அதிலே இருக்கின்றன. தம் பிள்ளைக்கென்று வாங்கிய குன்றில் ஊரார் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்தார்கள் அந்தப் பெற்றோர். பணம் கொடுத்தது ஒரு குடும்பம். ஆனால் அந்தக் குன்றைப் பார்த்து "இது எங்களுடையது" என்று சொல்லும் உரிமை ஊர் முழுவதற்கும் வந்துவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. சர் வில்லியம் ஹேமர் மறைந்த பிறகு, அவருடைய மனைவி ஆக்னஸ் அம்மையார், உச்சியைச் சுற்றியுள்ள நிலத்தையும் கணவரின் நினைவாக 1939-ஆம் ஆண்டு கொடுத்தார். முதலில் மகனுக்காக உச்சி. பிறகு கணவருக்காக உச்சியைச் சுற்றிய நிலம். இன்றும் அந்தக் குன்றுக்கு யார் வேண்டுமானாலும் ஏறிப் போகலாம். நுழைவுச் சீட்டு கிடையாது. மேலே நின்றால் ஒரு பக்கம் ஏரி தெரியும். மறுபக்கம் பள்ளத்தாக்கின் வயல்கள் தெரியும்.

நேயர்களே, கொடுப்பது ஒரு நாள் வேலை. காப்பது தலைமுறைகளின் வேலை. ஹேமர் குடும்பம் கொடுத்த குன்று நூறு ஆண்டுக்கு மேலாகியும் மறுபடி கல்லுடைப்பவர் கைக்குப் போகாமல் இருப்பது எப்படி? அந்தக் குடும்பம் குன்றை யாரிடம் ஒப்படைத்தது என்பதில்தான் விடை இருக்கிறது. அவர்கள் அதை நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள்.

அந்த அறக்கட்டளையை 1895-ஆம் ஆண்டு மூன்று பேர் தொடங்கினார்கள். ஒருவர் ஆக்டேவியா ஹில் அம்மையார். இலண்டனில் ஏழைத் தொழிலாளரின் குடியிருப்புகளைச் சீர்ப்படுத்தப் பாடுபட்டவர். நாள் முழுவதும் உழைப்பவனுக்குத் திறந்த வெளியும் நல்ல காற்றும் உரிமை என்று வாதாடியவர். மற்றொருவர் ராபர்ட் ஹண்டர் என்ற வழக்கறிஞர். மூன்றாமவர் ஏரி மாவட்டத்திலே வாழ்ந்த ஹார்ட்விக் ரான்ஸ்லி என்ற பாதிரியார். அவர்களுக்கு முதன்முதலில் கிடைத்த நிலமும் ஒரு மலைச்சரிவுதான். வேல்ஸ் நாட்டுக் கடலோரத்தில், பார்மவுத் என்ற ஊருக்கு மேலே உள்ள நாலரை ஏக்கர் நிலத்தை ஃபேனி டால்பட் என்ற அம்மையார் 1895-இலேயே கொடுத்தார்.

1907-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இந்த அறக்கட்டளைக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தின்படி, தன்னிடம் வந்த நிலத்தை "கைமாற்றக் கூடாத நிலம்" என்று அறக்கட்டளை அறிவித்துவிடலாம். அப்படி அறிவித்துவிட்டால் பிறகு அறக்கட்டளையே நினைத்தாலும் அந்த நிலத்தை விற்க முடியாது; அடமானம் வைக்க முடியாது. நாளைக்கு வரப்போகும் தலைவருக்குப் பண ஆசை வந்தாலும் நிலம் தப்பித்துக்கொள்ளும்.

இதைக் கேட்கும்போது நமக்கு ஒன்று நினைவுக்கு வர வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் கோயில் காடு என்று ஒன்று உண்டு. அய்யனாருக்கோ அம்மனுக்கோ விட்ட காடு. அதிலே ஒரு கிளையை ஒடிக்க மாட்டார்கள். விழுந்த விறகைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாத ஊர்கள் உண்டு. சுற்றிலும் எல்லாம் வயலாகவும் வீடாகவும் மாறிய பிறகும், பல இடங்களில் பழைய மரங்கள் அந்தக் காட்டில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. நம் முன்னோருக்கு 1907-ஆம் ஆண்டுச் சட்டம் இல்லை, அய்யனார் இருந்தார். சட்டமோ சாமியோ, விற்கக் கூடாது, வெட்டக் கூடாது என்று சொல்ல ஒன்று வேண்டியிருக்கிறது.

சரி, மலையுச்சி எதற்கு? சமவெளியில் ஒரு பூங்கா வைத்தால் போதாதா என்று கேட்கலாம். பூங்காவும் நல்லதே. ஆனால் மலையுச்சிக் காட்டுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதன் பயன் மேலே ஏறிப் போகிறவருக்கு மட்டும் உரியதில்லை. கீழே இருக்கிற அத்தனை பேருக்கும் தண்ணீராய் இறங்கி வரும்.

ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர் என்று நினைக்கிறீர்கள்? ஏறத்தாழ 100 டன். பத்து டன் லாரியில் ஏற்றினால் பத்து லாரி வேண்டும். மொட்டைக் குன்றின்மேல் அந்த மழை விழுந்தால், ஒவ்வொரு துளியும் மண்ணை அறைந்து சேறாக்கும். மண்ணின் நுண்ணிய துளைகள் அடைபட்டுப் போகும். உள்ளே இறங்க வழியில்லாத தண்ணீர், மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஒரே பாய்ச்சலாய் ஓடையில் விழும். மழை நின்ற சில நாளில் ஓடை வறண்டு போகும்.

அதே மழை காட்டின் மேல் விழுந்தால் நடப்பது வேறு. உயர்ந்த மரத்தின் இலை முதலில் அதைத் தடுக்கும். அதற்குக் கீழே சிறு மரம், அதற்குக் கீழே செடி கொடி, அதற்கும் கீழே மக்கிய சருகு. நாலு இடத்தில் தடைபட்டு வேகம் இழந்த தண்ணீர், வேர்கள் போட்டு வைத்த வழியாக மண்ணுக்குள் இறங்கும். பிறகு ஊற்றாகக் கசிந்து, மழையில்லாத நாளிலும் ஓடைக்கு உயிர் கொடுக்கும். கோத்தா திங்கிக்குப் பக்கத்தில் முந்தாஹாக் மலையடிவாரத்தில் இருக்கும் நீர்வீழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்த அருவியின் தண்ணீர் மேலே உள்ள காட்டிலிருந்து இறங்கி வருவதுதான்.

தோட்டத்து வேலை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சரிவான நிலத்தில் புதிதாகச் செம்பனை நடும்போது படிக்கட்டு போலத் தளம் வெட்டுவதும், மண்ணை மூடக் கொடி வகைகளைப் படரவிடுவதும், வெட்டிய மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்குவதும் எதற்காக? ஓடுகிற தண்ணீரை நிறுத்தி, மண்ணைக் காப்பாற்றத்தான். நாம் கையால் செய்கிற அந்த வேலையைக் காடு தானாகவே செய்கிறது, சம்பளம் கேட்பதில்லை.

நம் வட்டாரத்துக்கு இது மிகவும் பொருந்தும். 1972-ஆம் ஆண்டு கெஜோரா என்னும் ஜொகூர் தெங்காரா மேம்பாட்டு வாரியம் அமைந்தது. தென்கிழக்கு ஜொகூரில் பரந்த காடுகள் செம்பனையும் ரப்பருமாக மாறின. பண்டார் தெங்காராவும் பண்டார் பெனாவாரும் புதிய ஊர்களாக எழுந்தன. அதனால் பல்லாயிரம் குடும்பங்களுக்குப் பிழைப்புக் கிடைத்தது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காட்டுக்கு உரிய வேலையைச் செய்ய மிஞ்சியிருப்பவை மலைகளும் ஒதுக்குக் காடுகளுமே.

பண்டார் தெங்காராவிலிருந்து தொலைவில்லாத லிங்கியூ அணையை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-ஆம் ஆண்டு ஜொகூர் மாநிலத்துக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்பட்ட உடன்பாட்டின்படி கட்டப்பட்டு, 1995-இல் முடிந்தது அது. மழைக்காலத்தில் தண்ணீரைத் தேக்கி, வறண்ட காலத்தில் ஜொகூர் ஆற்றில் திறந்து விடுவார்கள். அப்படித் திறந்துவிடாவிட்டால் கடல் உப்பு ஆற்றுக்குள் ஏறி வந்து, குடிநீர் எடுக்க முடியாமல் போகும். அந்த ஆற்றிலிருந்து ஜொகூர் மக்களுக்கும் தண்ணீர் போகிறது. 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை சிங்கப்பூரும் எடுத்துக்கொள்ளலாம். 2016 அக்டோபரில் அந்த நீர்த்தேக்கத்தின் அளவு 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. அதற்குப் பத்து ஆண்டு முன்னால், 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் இதே ஆறு பெருகிக் கோத்தா திங்கி நகரை இரண்டு முறை மூழ்கடித்தது. ஜொகூரில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வீடு விட்டுப் போக வேண்டியதாயிற்று.

வெள்ளத்துக்கு முதற்காரணம் அந்த நாட்களில் கொட்டிய பெருமழை. வறட்சிக்குக் காரணம் பெய்யாத மழை. மலைக்காடு இருந்தால் வெள்ளமும் வறட்சியும் வரவே வராது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதிக மழையின் வேகத்தைக் குறைப்பதும், குறைந்த மழையைச் சேர்த்து வைத்துக் கொடுப்பதும் காடு செய்யும் வேலை. குன்றை மொட்டையாக்கிவிட்டால் இரண்டு பக்கமும் நமக்கு அடி விழும்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஹேமர் குடும்பத்தாரிடம் குன்றை வாங்கப் பணம் இருந்தது. குடியிருக்கும் லயத்து வீடே தோட்டத்துக்குச் சொந்தமாயிருக்கிறபோது நாம் எந்தக் குன்றைக் கொடுப்பது?

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் அதே பாரோடேல் பக்கத்திலேயே இருக்கிறது. கேசில் கிராக் குன்றுக்கு வடக்கே, டெர்வென்ட் ஏரிக்கரையில் பிராண்டல்ஹோ என்ற காடு இருக்கிறது. 108 ஏக்கர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்போது, பணக்காரர்கள் அங்கே மாளிகை கட்டிக் கரையை வளைத்துக்கொள்வார்கள் என்ற நிலை வந்தது. அறக்கட்டளையார் மக்களிடம் கை நீட்டினார்கள். ஐந்தே மாதத்தில் 6,500 பவுன் சேர்ந்தது. பெரிய மனிதர்களும் கொடுத்தார்கள். ஆலைத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். ஷெஃபீல்டு நகரத்துத் தொழிலாளி ஒருவர் இரண்டரை ஷில்லிங் அனுப்பினார். அந்த ஏரியைப் பார்க்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டும் இனித் தமக்கு அது கிட்டப் போவதில்லை. மற்றவர்களாவது பார்க்கட்டும் என்று அவர் எழுதியிருந்தார். 1902 அக்டோபரில் அந்தக் காடு எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது.

கூட்டாகச் சேர்ந்து நிலம் வாங்குவது வெள்ளைக்காரன் நாட்டில்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டிலேயே நம் மக்கள் செய்து காட்டினார்கள். 1950-களில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டம் துண்டானபோது தொழிலாளர் குடும்பங்கள் தெருவில் நின்றன. அந்த நேரத்தில்தான் 1960-ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பால்மரம் சீவுகிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். அந்தக் காசு கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கியது. பிறகு மேலும் பல தோட்டங்களை வாங்கியது. தனி ஆளின் பத்து வெள்ளிக்கு ஒரு முழம் நிலம்கூட வராது. ஆயிரக்கணக்கானவரின் பத்து வெள்ளி தோட்டத்தையே வாங்கும்.

பணமே பெரிதாக இல்லாத ஒரு கிராமம் என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ராஜஸ்தான் மாநிலத்தில் பிப்லாந்திரி என்று ஓர் ஊர். சுற்றிலும் சலவைக்கல் வெட்டும் சுரங்கங்கள். மலையைத் தோண்டிக் கழிவைக் கொட்டியதால் குன்றுகள் மொட்டையாயின. கிணறுகளில் நீர் இறங்கிப் போயிற்று. அந்த ஊரின் ஊராட்சித் தலைவராக இருந்தவர் ஷியாம் சுந்தர் பாலிவால். அவருடைய மகள் கிரண் இளம் வயதிலேயே இறந்துபோனாள். மகளின் நினைவாக மரம் வைக்கத் தொடங்கினார் தந்தை. 2006-ஆம் ஆண்டு அது ஊர் வழக்கமாக மாறியது. ஊரில் பெண் குழந்தை பிறந்தால் 111 மரம் நட வேண்டும். யாராவது இறந்தால் அவர் நினைவாகவும் மரம் நட வேண்டும்.

நட்டது யாருடைய நிலத்தில்? ஊராட்சியின் பொது நிலத்தில். காப்பவர் யார்? ஊரே காவல். அதோடு விடவில்லை. பிறந்த பெண்ணின் பெயரில் ஊரார் 21,000 ரூபாயும் பெற்றோர் 10,000 ரூபாயும் சேர்த்து வங்கியில் போடுகிறார்கள். பதினெட்டு வயதுக்கு முன் கல்யாணம் செய்து வைக்க மாட்டோம், படிக்க வைப்போம், மரங்களைப் பராமரிப்போம் என்று பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். மரங்களின் அடியில் சோற்றுக் கற்றாழை நட்டார்கள்; கரையானைத் தடுக்கும் என்று நட்டது, பிறகு பெண்களுக்கு ஒரு தொழிலாகவும் ஆயிற்று. இன்று மொட்டையாய்க் கிடந்த அந்தக் குன்றுகளில் இலட்சக்கணக்கான மரங்கள் நிற்கின்றன. 2021-ஆம் ஆண்டு இந்திய அரசு பாலிவாலுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இந்த நான்கு இடங்களையும் சேர்த்துப் பாருங்கள். பாரோடேலில் ஒரு குடும்பம் கொடுத்தது. பிராண்டல்ஹோவில் ஊர் பேர் தெரியாத பலர் கொடுத்தார்கள். புக்கிட் சீடிமில் தொழிலாளர்கள் தாங்களே வாங்கினார்கள். பிப்லாந்திரியில் பொது நிலத்தில் உழைப்பைக் கொடுத்தார்கள். நான்கிலும் பொதுவாக மூன்று இருக்கின்றன. நிலத்தின் மேல் தெளிவான உரிமை. பெயர் சொல்லக்கூடிய ஒரு காப்பாளர். மீறக் கூடாத ஒரு விதி. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் நினைவுச் சின்னம் ஒரு தலைமுறையைத் தாண்டாது.

நம் தோட்டங்களில் நடப்பது என்ன? கோயில் இருக்கும், இடுகாடு இருக்கும், கோயில் பக்கத்தில் தாத்தா வைத்த மரம் இருக்கும். ஆனால் நிலம் யார் பெயரில் என்று கேட்டால் பதில் இராது. துரை வாய்ச் சொல்லாகக் கொடுத்தார் என்பார்கள். தோட்டம் கைமாறியதும், வீடமைப்புத் திட்டம் வந்ததும், அந்த வாய்ச் சொல்லைக் கேட்ட துரையும் இருக்க மாட்டார், கிராணியாரும் இருக்க மாட்டார். மூன்று தலைமுறை பால்மரம் சீவிய குடும்பத்தின் பெயர் அந்த மண்ணில் எங்கும் இல்லாமல் போய்விடும். இந்த வட்டாரத்தை ஆளாக்கியது யார் என்று நாளைக்கு ஒரு பிள்ளை கேட்டால் காட்டுவதற்கு ஓர் இடம் வேண்டாமா?

ஆகவே, பெரியவர் நினைவாக மரம் வைக்க நினைக்கிற குடும்பம், மண்வெட்டியை எடுப்பதற்கு முன் காகிதத்தை எடுக்க வேண்டும். தோட்டத்து நிலமானால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். பள்ளி வளாகமானால் பள்ளி வாரியத்திடமும் தலைமையாசிரியரிடமும் கேளுங்கள். எந்த நிலம் யாருடையது என்று தெரியாவிட்டால் மாவட்ட நில அலுவலகத்தில் விசாரித்தால் தெரியும். ஒதுக்குக் காட்டுக்குள் நாமாகப் போய் எதையும் நடவோ வெட்டவோ கூடாது; அதற்குக் காட்டிலாகாவின் அனுமதி வேண்டும். கிடைத்த கடிதத்தை ஒருவர் வீட்டுப் பெட்டியில் பூட்டி வைக்காமல், கோயில் நிர்வாகக் குழுவின் ஏட்டிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஏட்டிலும் பதிந்து வையுங்கள்.

அடுத்தது மரம். ஆலும் அரசும் நமக்குப் பிடித்தவை. ஆனால் லயத்துக்கும் வாய்க்காலுக்கும் அருகில் வேண்டாம். அவற்றின் வேர் சுவரையும் வடிகாலையும் பெயர்த்துவிடும். மேட்டு நிலத்துக்கும் ஓடைக் கரைக்கும் இந்த மண்ணிலேயே பிறந்த மரங்கள் ஏற்றவை. மெராந்தி, செங்கால் போன்றவை மெதுவாக வளர்ந்தாலும் தலைமுறை தாண்டி நிற்கும். இடையிடையே பெத்தாய், ரம்புத்தான், துரியன் வைத்தால் பிள்ளைகளுக்கும் பறவைகளுக்கும் பழம் கிடைக்கும். சரிவு நிலத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று புல் பூண்டையெல்லாம் வழித்து எடுக்காதீர்கள். குழி தோண்டும் இடத்தை மட்டும் செதுக்கினால் போதும். கன்றைச் சுற்றிச் சருகும் மட்டையும் போட்டு மூடுங்கள். மழை தொடங்கும் காலத்தில் நடுங்கள். நட்ட நாளில் எடுக்கும் படத்தைவிட, அடுத்த இரண்டு வருடம் கொடி மூடாமல் கன்றைப் பார்த்துக்கொள்ளும் கைகள் முக்கியம். அதற்குப் பொறுப்பாக இரண்டு பேரின் பெயரை அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு குடும்பம் ஒரு மரம் வைத்தால் அது ஒரு மரம். ஐம்பது குடும்பங்கள் ஒரே மேட்டில் வைத்தால் அது ஒரு காடு. கல்வெட்டில் தம் மகன் பெயரோடு ஊரார் பிள்ளைகளின் பெயரையும் சேர்த்தாரே ஹேமர், அந்த மனசு இருந்தால் சாதி பார்க்காமல், சங்கம் பார்க்காமல், ஒரே ஏட்டில் எல்லாப் பெரியவர்களின் பெயரையும் எழுதலாம். பிறகு எல்லாருமாகக் கூடி ஒரே ஒரு விதியைத் தீர்மானமாக நிறைவேற்றி, அதன் நகலை நிர்வாகத்துக்கும் அனுப்பலாம்: இந்த மேட்டில் ஒரு மரத்தையும் யாரும் வெட்டுவதில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டமோ பள்ளிக் கூட்டமோ நடந்தால், நம் தோட்டத்தில் மரம் மூடிய மேடு எது, அது யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு கேள்வியைக் கேட்டு வையுங்கள். பதில் தெரிந்த பெரியவர் ஒருவர் இன்னும் நம்மிடையே இருப்பார். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.